டிரம்ஸ்காரியின் புருஷன்

திண்டிவனத்தில் ராஜ்குமார் மைக் செட் என்றால் ஒரு மரியாதை உண்டு. காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, அவன் ஸ்பீக்கர் கட்டினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் காது கிழியாமல் பேச்சு போய்ச் சேரும். ஒரு குட்டியானை வண்டி, ஸ்பீக்கர் பெட்டிகள், ஜெனரேட்டர், இவ்வளவுதான் அவன் தொழில். பாட்டுக் கச்சேரிகளில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, மாவட்டத்தில் எந்த டிரம்மர் எந்த இடத்தில் தடுமாறுவான் என்பதுகூட அவனுக்கு மனப்பாடம். டிரம்ஸ் விஷயத்தில் தன்னை யாரும் சுலபத்தில் அசைத்துவிட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒலக்கூர் பக்கம் ஒரு காலனியில் அந்தோணியார் தேர்த் திருவிழாவுக்குப் போகும்வரை அந்த நினைப்பு இருந்தது.

கோயில் முன்னால் பாடகர் குழுவுக்குப் பாய் விரித்திருந்தார்கள். ஓரத்தில் பழைய டிரம்ஸ் செட் ஒன்று. யாரோ பையன் வரப்போகிறான் என்று நினைத்து ராஜ்குமார் மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினான். வந்தது ஒரு பெண். சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டாள். ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். தேர் கிளம்பும் பாட்டுக்குக் குச்சியைத் தூக்கினாள்.

ராஜ்குமாருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் பார்த்த டிரம்மர்கள் எல்லாரும் பாட்டில் எங்கே சந்து கிடைக்கும், எங்கே வித்தை காட்டலாம் என்று அலைகிறவர்கள். இவள் அலையவே இல்லை. இவளுடைய அடி பாட்டுக்குக் கீழே தரை மாதிரி கிடந்தது. மேலே பாடியவர்கள் சுருதி தப்பினாலும் விழாமல் நடந்தார்கள். சாமியார் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். அவர் மைக்கை ஏற்ற வேண்டும் என்பதே அவனுக்கு மறந்துபோனது. சாமியார் வாய் மட்டும் அசைந்தது. "யோவ் மைக் செட்டு, தூங்கினுகீறியா?" என்று பின்னால் இருந்து யாரோ முதுகில் தட்டினபோதுதான் அவனுக்கு உலகம் திரும்பி வந்தது.

அவள் பெயர் புனிதா. அம்மா சவுரியம்மாள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லைகளில் கூலி வேலை செய்கிறவள். மீதி நேரத்தில் கோயிலைக் கூட்டித் துடைப்பாள். அம்மாவோடு துடைக்க வந்த பெண்தான், யாரோ தானமாகக் கொடுத்து மூலையில் கிடந்த டிரம்ஸைக் கண்டாள். மத்தியான வேளைகளில் சத்தம் வெளியே போகாமல் அதன்மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு அடித்துப் பழகினாள். யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டதை அடித்தாள். கேட்காததையும் அடித்துப் பார்த்தாள்.

ராஜ்குமார் பெண் கேட்டுப் போனான். சவுரியம்மாள் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, எல்லாவற்றுக்கும் சரி என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள்.

"சாமிக்கு அடிச்சா சரி. அது வேற. கண்ணாலத்துக்கு அப்புறம் மோளம் கீளம்னு ஊர் மேடையில ஏறக்கூடாது. இவங்க அப்பன் ஊர்க்காரங்க வூட்டுச் சாவுக்கெல்லாம் போய் வெளிய நின்னு மோளம் அடிச்சிக்கினு இருந்தவரு. ஒரு நாள் அத்த தூக்கிப் போட்டுட்டு வந்தாரு. நம்ம வூட்ல இனிமே எவனும் தொடமாட்டான்னு சத்தியம் பண்ணாரு. அடிதடியெல்லாம் வாங்கினாரு அதுக்கு. செத்துப்போன மனுசன் சத்தியம், மாப்ள."

ராஜ்குமார் தலையை ஆட்டினான். மேலும் கீழும் ஆட்டினானா, பக்கவாட்டில் ஆட்டினானா என்று இன்றுவரை அவனுக்கே நிச்சயமில்லை.

கல்யாணமாகி நாலைந்து மாதம் புனிதா சும்மா இருந்தாள். சும்மா என்றால், சாம்பார் கொதிக்கும்போது கரண்டியால் அடுப்பு மேடையைத் தட்டுவாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் தொடையில் விரல் ஓடும். தூக்கத்தில்கூட வலது கால் அசையும். பார்த்துக்கொண்டே இருந்த ராஜ்குமாருக்குப் பாவம் செய்கிற மாதிரி இருந்தது. ஒரு நாள் அவளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போய், பெரியசாமியின் முன்னால் நிறுத்தினான். பெரியசாமி ஆர்கெஸ்ட்ரா வைத்திருப்பவர். நல்ல பாடகர். மைக் இல்லாமல் பாடினாலே ரெண்டு தெரு கேட்கும்.

"பொம்பளப் புள்ளையா?" என்றார். அவர் பாட, அவள் ஒரு பாட்டு வாசித்துக் காட்டினாள். அவர் அடுத்த பாட்டையும் பாடினார். அதற்கடுத்ததையும் பாடினார். பிறகு பேசாமல் உள்ளே போய், மனைவியிடம் எல்லாருக்கும் சாப்பாடு போடச் சொன்னார்.

அடுத்த திருவிழா சீசனில் வந்தவாசி ரோடு முழுக்க போஸ்டர். 'பெண் சிங்கம் புனிதா டிரம்ஸ்!' என்று, புலி படம் போட்டு. சிங்கத்துக்கு ஏன் புலி என்று அவள் கேட்டாள். பிரஸ்காரனிடம் சிங்கம் இல்லையாம். கூட்டம் அவளைப் பார்க்கத்தான் வந்தது. விசில் அடித்தார்கள், காகிதம் எறிந்தார்கள், சிலர் வாயில் வரக்கூடாத பேச்செல்லாம் பேசினார்கள். அவள் தலை நிமிராமல் வாசித்தாள். மூன்றாவது பாட்டுக்குள் விசில் அடித்தவர்களின் கை தாளம் போட ஆரம்பித்திருக்கும். ராஜ்குமார் அதை ஒவ்வொரு ஊரிலும் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் மயிர்க்கூச்செறிந்தது.

சவுரியம்மாளும் போஸ்டரைப் பார்த்தாள். அன்றோடு மகள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். புனிதா போய்ப் பேசிப் பார்த்தாள். அம்மாவும் மகளும் பேசியதை ராஜ்குமார் வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவரு வேணாம்னு வுட்டத நீ தேடினு போய் அடிக்கிற."

"அம்மா, அவர அடிக்கச் சொன்னாங்க, அவரு அடிச்சாரு. என்னை யாரும் சொல்லல. நானா அடிக்கிறேன். அப்பா எதுக்கு வுட்டாரோ அதுக்குத்தான் நான் புடிச்சிருக்கேன்."

"வாசிக்கிறேன்னாவது சொல்லேண்டி. ஊரே வாசிக்கிறேன்னுதான சொல்லுது."

"அடிக்கிறேன்னுதான் சொல்லுவேன். அதுல இன்னா கேவலம்?"

சவுரியம்மாள் கதவைச் சாத்தவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

இதற்கிடையில்தான் பொம்மையார்பாளையம் வந்தது. கடற்கரை ஓரத்தில் ஒரு விருந்தினர் விடுதி. சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே சின்னதாக ஒரு கச்சேரி. புதுச்சேரியைச் சேர்ந்த சித்ரா என்கிற அம்மாள் பியானோ, கூட ஒருவர் ஆளுயர பேஸ் வயலினை நிறுத்தி விரலால் மீட்டுவார், ஒரு வெள்ளைக்காரர் டிரம்ஸ். ஸ்பீக்கர் கட்ட ராஜ்குமாரைக் கூப்பிட்டார்கள். கச்சேரி இல்லாத நாளில் புனிதா வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று கூட அழைத்துப் போனான்.

அந்த டிரம்மர் கையில் குச்சி இல்லை. கம்பி நாரால் செய்த பிரஷ். விசிறி மாதிரி விரிந்த அதை டிரம் தோலின்மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார், தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோல. கடல் சத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதன்மேல் பியானோ போய்க்கொண்டிருந்தது. ஒரே பாட்டைத்தான் சுற்றிச்சுற்றி வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது வேறு பாட்டாக இருந்தது. ஒருவர் ஏதோ சொல்ல, அடுத்தவர் அதற்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. முன்னாலேயே பேசி வைத்துக்கொண்ட மாதிரியும் இல்லை.

ராஜ்குமார் கேபிளைச் சுற்றிவிட்டுத் திரும்பினால், புனிதா மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"இப்டி ஒண்ணு இருக்குன்னு யாருமே சொல்லலியேங்க" என்றாள். "இவ்ளோ நாளா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே கேபிளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வண்டியில் ஏறினாள். பார்ப்பாள், கேட்பாள், திரும்பும்போது வாயால் 'டிங்... டிங்-கு-டிங்' என்று சொல்லிக்கொண்டே வருவாள். அதற்கு ஜாஸ் என்று பெயர் என்பதையே மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்துகொண்டாள். வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பிப் போனார். புனிதா சித்ராவிடம் நேராகப் போய், "மேடம், நான் ஒரு தடவ குந்தட்டுமா?" என்று கேட்டாள். சித்ரா சிரித்து, உட்காருங்கள் என்றாள்.

சரியாகப் போகவில்லை. ஆயிரம் பேர் கூட்டத்துக்கு வாசித்த கை அது. சித்ரா பாதியில் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"புனிதா, உங்க கை அற்புதமான கை. ஆனா நீங்க யாருக்கும் இடமே விடல. நான் எங்க பேசறது?"

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லை திட்டியிருப்பார்கள். இவள் எழுந்து, "சரிங்க மேடம், கத்துக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வண்டியில் வரும்போது ராஜ்குமார் ஆறுதலாக ஏதோ ஆரம்பித்தான். "சொம்மா இருங்க, அவங்க சொன்னது சரி" என்று வாயை அடைத்துவிட்டாள்.

அந்த வருஷம் அவள் பழகியதைப் பார்த்தவன் ராஜ்குமார் ஒருவன்தான். மைக் செட் வைக்கும் கொட்டகையில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில், காலையில் தோசை சுட்டு இறக்கியதும் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். போனில் பழைய அமெரிக்கக் கறுப்பு மனிதர்கள் வாசித்ததைக் கேட்பாள், நிறுத்துவாள், வாசிப்பாள். வலது கை ஒன்று சொல்லும், இடது கை அதை மறுத்துப் பேசும், ரெண்டு காலும் அதில் கலந்துகொள்ளாமல் தம் பாட்டுக்கு நடக்கும். ஒரு ஆளுக்குள் நாலு ஆள் குடியிருப்பதுபோல. ஒரு சாயங்காலம் அவன் உள்ளே போனபோது அவள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"நிறுத்தல. அடிச்சிக்கினுதான் இருக்கேன். உங்களுக்குக் கேக்கலியா?"

அவன் நின்றான். கேட்டது. சத்தியமாகக் கேட்டது. அவள் அடிக்காமல் விட்ட தாளம் கொட்டகைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டிய இடத்தில் அவள் சிம்பல் தட்டைத் தொட்டாள். ராஜ்குமாருக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. தான் கட்டிக்கொண்டு வந்தது யாரை என்று அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாக யோசித்தான்.

திரும்பவும் பொம்மையார்பாளையம் போனாள். பிரஷை எடுத்தாள். பாதிப் பாட்டில் சித்ரா பியானோவை வாசித்துக்கொண்டே தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள், வாய் திறந்துவிட்டது. அதன்பிறகு அந்த மூன்று பேர் குழுவில் டிரம்ஸ் புனிதாதான். மேடம் என்று கூப்பிட்டது சித்ராக்கா ஆனது.

சென்னை, பெங்களூர், கோவா என்று அழைப்பு வந்தது. பெண் குழந்தை மலர்விழி வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதம்வரை வாசித்தாள். மடிக்கு நேரே இருக்கும் ஸ்நேர் டிரம்மில் வயிறு இடித்ததும், ஸ்டூலைப் பின்னால் தள்ளிக் கையை நீட்டி வாசித்தாள். அந்த நீட்டலில் வந்த ஒரு தளர்ச்சி நன்றாக இருக்கிறதென்று, பிள்ளை பெற்ற பிறகும் அதை விடவில்லை. பிரான்சில் ஒரு இசைத் திருவிழாவுக்குப் போனார்கள். சித்ராவும் பேஸ்காரரும் அவளும் போக, ராஜ்குமார் மகளோடு திண்டிவனத்தில் இருந்தான். போனில் பார்த்தான். மேடைக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் வெள்ளைக்காரர்கள், நடுவில் அவன் பெண்டாட்டி, குறுக்கே முடிந்த துப்பட்டாவோடு. "அம்மா பெரிசா இருக்காங்க" என்றது குழந்தை. போன் சின்னது, ஆனாலும் அது சொன்னது சரி என்று அவனுக்குத் தோன்றியது. கடைத்தெருவில் அவனை இப்போது 'டிரம்ஸ்காரி புருஷன்' என்றார்கள். சிலர் கேலியாகத்தான் சொன்னார்கள். அவன் விசிட்டிங் கார்டில் அதைப் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தான்.

இவ்வளவு ஆனபிறகும் ஆடி மாதம் வந்தால் பெரியசாமி ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்துவிடுவாள். சித்ரா கேட்டபோது, "அக்கா, அங்க ஜனம் காசு குடுத்து டிக்கெட் வாங்கிக் குந்தறதில்ல. புடிக்கலன்னா எழுந்து போய்டும். அவங்கள எழுந்திருக்காம வைக்கிறது கஷ்டம். அது எனக்கு வேணும்" என்றாள்.

போன ஆடியில் பனமலை பக்கம் ஒரு ஊரில் கச்சேரி. ஒரு பக்கம் ஏரிக்கரை, ஒரு பக்கம் நீளமான மதில், வெளியே போக ஒரே ஒரு சந்து. நடுவில் தலை தலையாக ஜனம். முன்வரிசை முழுக்கக் குழந்தைகளும் பெண்களும். இருட்டின கொஞ்ச நேரத்தில் திடீரென்று காற்றும் மழையும் கிளம்பின. பந்தல் ஒரு பக்கமாகப் புடைத்துக் கிழிந்தது. டியூப் லைட் கட்டின கம்பம் ஒன்று சாய்ந்து தீப்பொறி பறந்தது. "கரண்ட்டு! வயரு அறுந்துபோச்சி, ஓடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

ராஜ்குமார் முதலில் செய்தது ஜெனரேட்டரை அணைத்தது. அதைச் செய்துதான் ஆகவேண்டும், ஈரத்தில் வயர் கிடந்தது. ஆனால் அணைத்ததும் மைக்கும் செத்தது. இருட்டு. மழை. அத்தனை ஜனமும் அந்த ஒரே சந்தைப் பார்த்துத் திரும்பியது. அந்தச் சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. குழந்தைகளின் அலறல் அடியிலிருந்து வந்தது. பெரியசாமி மேடை விளிம்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் குரலே எடுபடவில்லை.

அப்போது மேடையிலிருந்து இடி விழுந்த மாதிரி ஒரு அடி.

புனிதா எழுந்து நின்று அடித்தாள். ரெண்டு கையாலும் பெரிய டாம் டிரம்மில், காலால் கீழே இருக்கும் கிக் டிரம்மில். மறுபடி. மறுபடி. மைக் இல்லாமலே நெஞ்சுக்கூட்டில் வந்து இறங்கிய அடி. கூட்டத்தில் தலைகள் திரும்பின. திரும்பியதும் அவள் அதை ஒரு நடையாக்கினாள். மெதுவான, கனமான நடை. நாலு அடி அடித்தாள். அப்புறம் நிறுத்தினாள்.

அந்த நிறுத்தத்தில் பெரியசாமிக்குப் புரிந்தது. "முன்னாடி இருக்கிறவங்க அப்டியே குந்துங்க!" என்றார். கேட்டது. எல்லாருக்கும் கேட்டது.

நாலு அடி. நிறுத்தம். "ஓடாதீங்க, கரண்ட்டு இல்ல, நிறுத்தியாச்சு!"

நாலு அடி. நிறுத்தம். "புள்ளைங்கள மேடைக்குத் தூக்கிக் குடுங்க!"

பெரியசாமி ஜாஸ் என்ற பேச்சையே கேட்டறியாதவர். ஆனால் சித்ராவும் புனிதாவும் பொம்மையார்பாளையத்தில் ஒருவர் நாலு, அடுத்தவர் நாலு என்று மாறி மாறிப் பங்கு போட்டு வாசிப்பார்களே, அதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. மிக்ஸருக்குப் பின்னால் நனைந்துகொண்டிருந்த ராஜ்குமார் அதைப் பார்த்தான். போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில், உட்கார்ந்த ஜனத்தின் உடம்பு அவள் அடிக்கு அசைவது தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள், அவர்கள் மூச்சு இறங்கியது. சத்தத்தைக் குறைத்தாள், அவர்கள் கேட்பதற்காக இன்னும் அமைதியானார்கள். யாரோ ஏரிக்கரைப் பக்கத்து வேலியைப் பிடுங்கி வழி செய்தார்கள். அந்த வழியாக வரிசையாக, கிட்டத்தட்ட ஊர்வலம் மாதிரி, அவள் அடிக்குக் கால் வைத்து எல்லாரும் வெளியேறினார்கள். சிலருக்குச் சிராய்ப்பு, ஒரு அம்மாவுக்குக் கையில் சுளுக்கு. வேறு ஒன்றுமில்லை. ஒரு உயிருக்கும் ஒன்றுமில்லை.

கடைசி ஆள் போனதும் புனிதா ஸ்டூலில் உட்கார்ந்தாள். உள்ளங்கை தோலுரிந்து ரத்தமாக இருந்தது. ராஜ்குமார் பக்கத்தில் போய் நின்றான். துண்டைப் பிழிந்து அவள் கையில் சுற்றினான். அவள் காலடியில், தாய்மார் இன்னும் வந்து தூக்கிப்போகாத நாலைந்து குழந்தைகள் கிக் டிரம்மைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போயிருந்தன.

அந்தச் செய்தி மழையைவிட வேகமாக ஊர்களைச் சுற்றியது. அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் சவுரியம்மாள் வந்து இறங்கினாள். கையில் தூக்குச் சட்டியில் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. மகளுக்கு உருண்டை பிடித்து ஊட்டினாள். கையில் கட்டு இருந்ததால் புனிதா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

"உங்கப்பனுக்கும் இந்தக் கைதான்" என்றாள் சவுரியம்மாள், களியைப் பார்த்தபடியே. "அந்த மனுசன் அடிச்சா நடந்து போறவன் நின்னுடுவான். அந்தக் கைய வச்சிக்கினுதான் அவரு அத்தத் தூக்கிப் போட்டாரு. எவ்ளோ நோவு இருந்திருக்கும்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

புனிதா விழுங்குவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு அது தெரியாது. அப்பாவுக்கு மோளமே பிடிக்காது என்றே நினைத்து வளர்ந்தவள்.

"சத்தியம்?" என்று கேட்டாள்.

"அவரு பண்ணது அவருக்கு. நீ தின்னு."

கை ஆற மாசக் கணக்காயிற்று. தை பிறந்ததும் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் சித்ரா குழுவின் கச்சேரி வைத்தார்கள். அந்த ஊரில் ஜாஸ் என்று சொல்லி ஒரு கச்சேரி நடந்ததாக ராஜ்குமாருக்குத் தெரிந்து இல்லை. பனமலை பக்கத்து அந்த ஊரிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஆட்கள் வந்தார்கள். விவசாயம் செய்கிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள். இதற்கெல்லாம் எப்படி உட்கார்வது என்று தெரியாமல் முதலில் விறைப்பாக உட்கார்ந்தார்கள். சவுண்டுக்குச் சென்னையிலிருந்து வேறு ஆட்கள் வந்திருந்ததால், ராஜ்குமாருக்கு வேலை எதுவுமில்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் ஒரு நாற்காலியில், மடியில் மகளோடு, பக்கத்தில் மாமியாரோடு, வெறும் ரசிகனாக உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

மூன்றாவது உருப்படியில் பியானோ நின்றது. பேஸ் நின்றது. புனிதா தனியாக இருந்தாள். பிரஷில் ஆரம்பித்தாள், காதுக்கு எட்டியும் எட்டாமலும். மெல்ல மெல்ல அது கூடியது. மிக்ஸரின் ஊசியைப் பார்க்காமல், எந்தச் சத்தம் கூடுகிறது, எது குறைகிறது என்று கவலைப்படாமல் கேட்டபோது, இத்தனை காலம் தான் கேட்டதெல்லாம் பாதிதான் என்று ராஜ்குமாருக்குத் தெரிந்தது. ஒரே படுக்கையில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வாழ்ந்தவள்தான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவளுக்குள் இன்னும் எத்தனை அறை இருக்கிறதென்று அவனால் கணக்குப் போட முடியவில்லை. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் நனைத்ததையே குளித்ததாக நினைத்துக்கொண்டிருந்துவிட்டோமே என்றிருந்தது. அதில் வருத்தமில்லை. இன்னும் இருக்கிறதே என்ற மலைப்புதான்.

அவள் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தினாள். மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. வெளியே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது. டெம்போவில் வந்த பெரியவர் ஒருவர், தன்னையறியாமல், "அடி... அடி தாயி, ஏன் நிறுத்திட்ட!" என்றார்.

மண்டபமே சிரித்தது. புனிதாவும் சிரித்தாள், புறங்கையால் நெற்றி வியர்வையை வழித்தாள், சித்ராவைப் பார்த்துத் தலையசைத்தாள். கைதட்டல் எழும்பி முடிவதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.